வட்டத்துக்கு நாலு மூலை

நெடுவன்கோட்டையில் வீடுகளின் மூலைகள் காணாமல் போனது ஒரு புதன்கிழமை காலையில்தான் தெரியவந்தது, அதுவும் எப்படியென்றால், பெருக்கி முடித்துவிட்டு விளக்குமாற்றை வழக்கமான இடத்தில் சாத்தப் போன பெண்கள் அத்தனை பேருக்கும் அது சரிந்து காலிலே விழுந்ததால். எடுத்து நிறுத்தினார்கள், மறுபடி வழுக்கி விழுந்தது. என்ன சனியன் இது என்று நிமிர்ந்து பார்த்தால், வடக்குச் சுவர் வந்து கிழக்குச் சுவரோடு முட்ட வேண்டிய இடத்தில் முட்டலே இல்லை. வடக்குச் சுவர் பாட்டுக்கு வளைந்து போய், எந்த இடம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத ஓர் இடத்தில் கிழக்குச் சுவராக ஆகியிருந்தது. ஒரு விரிசல் கிடையாது, துளி காரை உதிரவில்லை, கொத்தனார் முதலிலேயே அப்படித்தான் பூசிக் கொடுத்த மாதிரி இருந்தது. திருட்டுப் போனால் போலீசுக்குப் போகலாம், இடிந்து விழுந்தால் கொத்தனாரைக் கூப்பிடலாம், மூலையைக் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆகவே எல்லாரும் டீக்கடைக்குப் போனார்கள்.

டீக்கடைக்காரர் சுப்புக்காளை தன் கடையிலும் நாலும் போச்சு என்று சொல்லிக்கொண்டே டீ ஆற்றினார். உங்க வீட்லயுமா, எங்க வீட்லயும்தான் என்று ஆளுக்கு ஆள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தனக்கு மட்டும் இல்லை, ஊருக்கே போயிருக்கிறது என்று தெரிந்ததும் பாதிக் கவலை தீர்ந்தது, டீ குடித்து முடிக்கையில் மீதியும் தீர்ந்தது.

இதற்கெல்லாம் காரணமான ஆள் ஒருத்தர்தான். அவர் அந்த நேரம் தன் வீட்டில், வருஷக்கணக்காக வராத தூக்கத்தில், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் இருதயராஜ். பேரூராட்சி ஆபீசுக்கு எதிர் மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு அனுமதி வாங்குவதற்கான பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஊரே அவரை பிளான் சார் என்றுதான் கூப்பிடும். உள்ளதைச் சொன்னால், அவர் ஆயுசில் ஒரே ஒரு வீட்டைத்தான் வரைந்திருக்கிறார், அது அவர் சொந்த வீடு. அந்தப் படத்தைத் தாய்ப்படம் என்று பெயர் போட்டு வைத்திருந்தார். வீடோ கடையோ பள்ளிக்கூடமோ பேரூராட்சி ஆபீசோ, எதற்கு யார் வந்தாலும் தாய்ப்படத்தைத் திறப்பார், ஹாலை ரெண்டடி இழுப்பார், அடுப்படியை அந்தப் பக்கம் தள்ளுவார், காற்று எங்கிருந்து வரும் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்டு ஜன்னலைத் தோதாக நகர்த்துவார், அவ்வளவுதான், புது வீடு. இப்படியே ஊர் முழுக்க அவர் வீட்டின் குட்டிகளாய் நிறைந்து கிடந்தது. ஜன்னல் வைப்பதில் பிளான் சாரை அடிக்க ஆள் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு.

அவர் மனைவி செலின் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. நெடுவன்கோட்டைப் பெண்களில் பாதிப்பேர் போட்டிருந்த ஜாக்கெட் அந்தம்மா தைத்தது. ஹாலின் தென்மேற்கு மூலையில் அவள் தையல் மிஷின். அந்த மூலையில் பட்டப்பகலிலும் இருட்டு அப்பியிருக்கும், ஊசி கோக்க பல்பைப் போட வேண்டும். செலின் போனபிறகு இருதயராஜ் அந்த மிஷினை அசைக்கவில்லை, மேலே கிடந்த அரைகுறை ஜாக்கெட்டையும் எடுக்கவில்லை. சாயங்காலம் வந்து அந்த மூலையைப் பார்த்தபடி உட்காருவார். பார்த்தால் நெஞ்சை அடைக்கும், பார்க்காமல் இருந்தால் சோறு இறங்காது. பிள்ளைகுட்டி கிடையாது. அந்த மூலைதான் அவருக்கு மிச்சம்.

இந்த இருதயராஜிடம்தான் முத்திருளாயி வந்தாள்.

அவள் கிடைக்காரி. ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அறுத்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துப் போடுகிற ஜனம். அவளும் புருஷன் வெள்ளைக்கண்ணுவும் அப்படியே காலம் தள்ளியிருப்பார்கள். ஆனால் நாலுவழிச் சாலையில் மந்தையைக் கடத்தும்போது ஒரு லாரி வந்து, பாதி ஆடுகளையும் வெள்ளைக்கண்ணுவின் வலது காலையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இனி நடை இல்லை என்றானதும், மிஞ்சின ஆட்டையெல்லாம் விற்று, கண்மாய்க்கு மேற்கே மேட்டில் துண்டு நிலம் ஒன்றைப் பத்திரம் போட்டு வாங்கி, அதில் தங்கள் கூட்டை நிரந்தரமாக ஊன்றிவிட்டார்கள்.

அந்தக் கூடு வட்டமானது. மூங்கில் தப்பைகளைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து முடைந்த தட்டி. மடக்கினால் ஒரு ஆள் தோளில் தூக்கிவிடலாம், விரித்தால் சுற்றுச்சுவர். மேலே மூங்கில் கழிகள் சாய்ந்து போய் உச்சியில் ஒரு வளையத்தில் கூடும். எல்லாவற்றுக்கும் மேலே அவள் ஆடுகளின் ரோமத்தில் அடித்த கெட்டிக் கம்பளி. வெயிலுக்குக் குளுகுளுவென்றும் மார்கழிக்கு வெதுவெதுப்பாகவும் இருக்கும். பேரூராட்சிக்கு அது வீடு இல்லை. அனுமதியில்லாத தற்காலிகக் கூடாரம் என்று ரெண்டு தடவை ஆள் வந்து பிரித்துப் போட்டார்கள். ரெண்டு தடவையும் வெள்ளைக்கண்ணுவைப் பாயோடு தூக்கிக் கருவேல மரத்தடியில் கிடத்திவிட்டு, அவர்கள் போனதும் முத்திருளாயி ஒண்டியாக மறுபடி கட்டினாள். அடுத்த தடவை கம்பளியை ஆபீசுக்கே எடுத்துப் போய்விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கம்பளி போனால் அவளுக்கு வேறே கம்பளி இல்லை, அடிக்க ஆடும் இல்லை.

செயல் அலுவலர் பொற்கொடி மேடம் கெட்ட மனுஷி அல்ல. ஆபீஸ் கிளார்க் ஒருவன் செல்லில் படம் காட்டி, மேடம், மங்கோலியாவுல இதுக்கு யர்ட்னு பேராம், அங்க குடும்பம் குடும்பமா இதுலதான் இருக்காங்களாம் என்றபோது, அப்படின்னா மங்கோலியாவிலேயே அப்ரூவல் வாங்கிட்டு வரச்சொல்லு என்று கடிந்தாள்தான். பிறகு முத்திருளாயியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் மாட்டேன்னு சொல்லலைம்மா, கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது, நாலு மூலைக்கும் அளவு போட்டாத்தான் அடுத்த பக்கத்துக்கே போகும், உன் வீட்டுக்கு மூலை எங்கே இருக்கு என்று கேட்டாள். நீ எதுக்கும் எதிர்மாடிக்குப் போய்ப் பாரு என்றும் சொன்னாள்.

பிளான் சாரும் முதலில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார். சின்னதாய் ஒரு சதுர வீடு கட்டிக்கொள், அரசாங்கத் திட்டத்தில் எழுதித் தருகிறேன், மூலைக்கு மூலை ஒரு தூண் போட்டால் முடிந்தது. முத்திருளாயி தலையை ஆட்டி மறுத்தாள்.

"மூலை இருந்தா துக்கம் வந்து உக்காந்துக்கிரும்யா. எங்க கூட்டுல பெருக்கினா எல்லாம் சுத்தி வந்து வாசலுக்குப் போயிரும். எம்புருசன் கால் போன அன்னைக்கு அழுதேன். பெருக்கித் தள்ளுனேன். மூலை இருந்திருந்தா இன்னைக்கும் அங்கிட்டே கெடந்திருக்கும்."

இருதயராஜுக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை. பேப்பரில் மட்டும் மூலை போட்டுத் தருகிறேன், உன் கூட்டில் ஒரு துரும்பையும் யாரும் அசைக்க மாட்டார்கள் என்றார். பேப்பரில் இருப்பது வீட்டுக்கு வராதா என்று அவள் கேட்டாள். பேப்பரில் இருப்பதெல்லாம் வீட்டுக்கு வருவதாக இருந்தால் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் கார் நிறுத்த இடம் இருக்குமே ஆத்தா என்று சொல்லி அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் படித்த மனுஷன் சொல்கிறார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அவர் தாய்ப்படத்தைத் திறந்தார். அதன் நாலு மூலைகளையும் தேர்ந்தெடுத்தார். அதை அப்படியே நகலெடுத்து வட்டத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும், பக்கத்தில் சுவர் என்று எழுதிவிட வேண்டும், அதுதான் திட்டம். காப்பி என்று அமுக்க வேண்டியவர் கட் என்று அமுக்கிவிட்டார். ஒட்டினார். வட்டத்துக்கு நாலு மூலையும் கச்சிதமாய்ப் பொருந்தியது. மூடும்போது, தாய்ப்படத்தில் மாற்றம் செய்திருக்கிறீர்கள், சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது எதைக் கேட்டாலும் ஆமாம் என்று அமுக்குவது அவர் பழக்கம். அமுக்கினார். பொய்தான் என்று தெரியும், ஆனால் புண்ணியக் கணக்கில் போகிற பொய் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. செவ்வாய்க்கிழமை அனுமதி வந்தது, கதவு எண் வந்தது. முத்திருளாயி எண்ணை ஒரு பலகையில் எழுதி வாங்கிக் கம்பளி வாசலில் தொங்கவிட்டுவிட்டு, ஒரு தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

ஊர் என்பது எதையும் விழுங்கிச் செரித்துவிடும். ரெண்டு நாள் பீரோக்களை நகர்த்தினார்கள், சுவரோடு ஒட்டவில்லை என்று பின்னால் தலையணையைச் சொருகினார்கள். தச்சாசாரிக்கு வளைந்த அலமாரி செய்து கை ஓயவில்லை. கன்னிமூலையில் கழிவறை வைத்ததால்தான் உங்களுக்குக் கஷ்டம் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த வாஸ்துக்காரர், கன்னிமூலையே இல்லாத வீட்டுக்குக் கஷ்டம் எந்தப் பக்கமாக வரும் என்று பேச்சை மாற்றிக்கொண்டு முன்னைவிடப் பிரபலமானார். மூலையில் கட்டிலைப் போட்டு ஒதுக்கி வைத்திருந்த கிழவர்களின் கட்டில்கள் உருண்டு நடு ஹாலுக்கு வந்துவிட்டன, அவர்கள் டிவி பார்த்துக்கொண்டு மருமகள்களுக்குச் சமையல் யோசனை சொன்னார்கள். மாதத்தில் மூன்று நாள் மூலையில் உட்காரச் சொன்ன வீடுகளில் பெண்கள் எங்கே உட்காருவது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சோபாவில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போய் மூலையில நில்லு என்று டீச்சர் சொல்ல, அந்தப் பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, வாசல் வந்ததும் வீட்டுக்குப் போய்விட்டது.

மூலை போனதோடு மூலையில் இருந்ததும் போயிருந்தது. அதைத்தான் ஊர் மெதுவாக உணர்ந்தது. வருஷக்கணக்கில் சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் எதற்குச் சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்து, ஞாபகம் வராமல், சேர்ந்துகொண்டார்கள். சாவு வீட்டுக்குப் போனவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கதை பேசித் திரும்பினார்கள். முகமெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. எல்லாரும் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

இருதயராஜும் நல்லாத்தான் இருந்தார். படுத்தால் தூக்கம், உட்கார்ந்தால் பசி. ஒரு நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றி வீசியவர், அது தையல் மிஷின் மேல் போய் விழுந்ததையும், ஒரு வாரமாகத் தன் அழுக்குத் துணி எல்லாம் அங்கேதான் விழுந்து கிடக்கிறது என்பதையும் பார்த்தார். செலின் தைத்து முடிக்காத ஜாக்கெட் அந்தக் குவியலுக்கு அடியில் இருந்தது. பார்த்தும் நெஞ்சு அடைக்கவில்லை. அடைக்கவில்லையே என்றுதான் பயம் வந்தது. துக்கம்தான் மூலையில் தங்கும். குற்ற உணர்ச்சிக்கு மூலை எல்லாம் வேண்டியதில்லை, அது மனுஷனோடு கூடவே நடக்கும், கூடவே உட்காரும், கூடவே சோற்றைப் பிசையும். அது அன்றைக்கு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனார். சுப்புக்காளைக்கு ஒரே மகன், பைக்கில் போய்ப் பாலத்தில் மோதி இறந்து போனவன், மதன் என்று பெயர். கடை மூலையில் மாலை போட்ட படம் இருக்கும், முதல் டீயை அதற்கு வைத்துவிட்டுத்தான் சுப்புக்காளை வியாபாரம் தொடங்குவார். இப்போது படம் வளைந்த சுவரில் ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது, முன்னால் டீ இல்லை. சுப்புக்காளை விசிலடித்துக்கொண்டே கிளாஸ் கழுவினார். இருதயராஜ் படத்தையே பார்ப்பதைக் கண்டு தானும் திரும்பிப் பார்த்தார்.

"பையன் லட்சணமா இருக்கான்ல? யாரு வீட்டுப் பிள்ளை சார் இது?"

இருதயராஜ் டீயை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். தாய்ப்படத்தைத் திறந்தார். நாலு பக்கச் சுவரும் நாலு கோடாக ஒன்றையொன்று தொடாமல் நின்றன. மூலை இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை. ஊர் முழுக்க அந்தத் தாயின் குட்டிகள். அப்படியானால் அத்தனை வீட்டு மூலையும் எங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யோசிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை.

கண்மாய் மேட்டில் கூடு எப்போதும்போல வட்டமாகத்தான் நின்றது. குனிந்து உள்ளே போனால் உள்ளே வட்டம் இல்லை. ஒரு மூலை, அதை ஒட்டி இன்னொரு மூலை, அதற்குள் ஒரு மூலை, ஊர்பட்ட மூலைகள், சிமெண்டு மூலை, காரை மூலை, நீலம் அடித்த மூலை, சாமிப்படத்துப் புகை படிந்த மூலை. நடுவில் முத்திருளாயி விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளே பாதியாய் இளைத்திருந்தாள். பெருக்கப் பெருக்க ஒன்றில் இருப்பது அடுத்ததற்குப் போகிறதே தவிர வாசலுக்கு வரவில்லை. விடிஞ்சா அழுகுறா சார், யாருக்குன்னு கேட்டா தெரியலைங்கிறா என்றான் பாயில் கிடந்த வெள்ளைக்கண்ணு. அவள் அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரில்தானே என்று சொன்னீர்களே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அனுமதியை ரத்து செய்தால் எண் போகும், எண் போனால் கம்பளி போகும், அவளுக்கு நல்லதுக்குத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதி உண்மை, அவருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தி தன் செலினுக்காக உட்கார்ந்து அழ, தான் வயிறார உண்டு தூங்குகிறோம் என்று தெரிந்தே தூங்கினார், எழுந்ததும் வெட்கப்பட்டார், மறுபடி தூங்கினார். இப்படிச் சில வாரம் போயிற்று.

சர்ச்சுக்குப் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தும் பார்த்தார். ஊரில் யாருமே வராததால் பங்குச்சாமி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி, ஒரு வட்டத்துக்கு நாலு மூலை போட்டுட்டேன் என்றார் இருதயராஜ். சாமி சந்தோஷமாகச் சிரித்து, அவ்வளவுதானே, ரெண்டு ஜெபம் சொல்லிட்டுப் போ, எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம் என்று அனுப்பிவிட்டார். மன்னிப்பு இவ்வளவு சல்லிசாகக் கிடைத்ததில் அவருக்கு அழுகை வரப்பார்த்தது, வரவில்லை.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. வீட்டை விற்கப் போனவர்களுக்குப் பத்திரம் பதியவில்லை, கடன் கேட்டவர்களுக்குக் கடன் இல்லை. ஏனென்று கேட்டால், உங்கள் வீட்டுக்கு நாலு மூலை இல்லை, சட்டப்படி அது வீடே இல்லை என்று பதில் வந்தது. பேரூராட்சி ஆபீசுக்கே மூலை இல்லை. பொற்கொடி மேடம் மேலே எழுத, மேலே இருந்தவர்கள் வந்து வளைந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போக, கடைசியில் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: மனுஷர் குடியிருக்கும் வட்டமும் வீடே, விண்ணப்பத்தில் மூலை என்ற கட்டமே இனி கிடையாது. எல்லாரும் கைதட்டினார்கள். கண்மாய் மேட்டில் ஒருத்தி இதைத்தானே காலில் விழாத குறையாகக் கேட்டாள் என்று ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இருதயராஜுக்கு மட்டும் வந்தது. இனிமேல் அவள் கூட்டை உள்ளது உள்ளபடி வட்டமாக வரைந்து கொடுக்கலாம், எண்ணும் போகாது. அவருக்கு ஒளிந்துகொள்ளச் சாக்கே இல்லாமல் போயிற்று. எழுந்து நின்றார். கட் அமுக்கியது முதல் அவள் அழுவது வரை ஒன்று விடாமல் சொன்னார். அவள் பிளானிலிருந்து மூலையை எடுத்துத் திருத்திக் கொடுத்தால் அவரவர் மூலை அவரவர் வீட்டுக்கு வந்துவிடும், அதில் இருந்ததும் கூடவே வரும் என்றும் சொன்னார்.

கூட்டம் அமைதியாகக் கேட்டது. யாரும் கோபப்படவில்லை, கோபத்துக்கும் மூலைதானே இடம். ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள்: அவசரம் என்ன, மழை முடியட்டும், அந்தம்மாவுக்கு வேணும்னா ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுப்போம், கிடைக்காரங்க கஷ்டத்துக்குப் பழகினவங்க. முன்வரிசைக் கவுன்சிலர் ஒருத்தர் அவர் தோளில் கைபோட்டு அன்பாகவே சொன்னார்:

"ஒருத்தி அழுகுறா, ஊரே சிரிக்குது. இதுல என்ன சார் உங்களுக்கு நஷ்டம்?"

சொன்னவர் நல்ல மனுஷன், எல்லாருமே நல்ல மனுஷர்கள். போன வாரம்வரை தானும் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டோம் என்று நினைத்தபோது இருதயராஜுக்குக் கூசிப்போயிற்று. மாடிக்குப் போனார். ஒரு வட்டம் போட்டார். வாசலுக்கு ஒரு இடைவெளி விட்டார். வேறே ஒன்றும் போடவில்லை.

கையெழுத்து வாங்கக் கூட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தன்னால் வந்த வினை என்றும், கட் என்றும் காப்பி என்றும், என்னை மன்னிச்சிரு ஆத்தா என்றும் கோர்வை இல்லாமல் உளறினார். முத்திருளாயி கேட்டுக்கொண்டாள். இத்தனை நாளில் எது எந்த வீட்டு மூலை என்று அவளுக்குப் பழகிவிட்டதாம். டீக்கடை மூலையில் ஒரு பையன் இருக்கான், டீ ஆறிப்போகுதுன்னு அவங்கப்பாட்ட சொல்லுங்க என்றாள். பிறகு தென்மேற்கில் இருந்த ஒரு இருட்டு மூலையைக் காட்டினாள். இதுதான் உங்களுது என்றாள். தெரியும் என்றார் அவர். என் அழுகை உன்னிடம் வந்துவிட்டது என்றார்.

"உங்க அழுகை இல்லய்யா. நீங்க அங்கிட்டு உக்காந்து அழுகுறதுக்கு முந்தியே ஒண்ணு இருந்திருக்கு. அந்தம்மா அழுதது."

இருதயராஜ் அந்த மூலையின் பக்கம் திரும்பினார்.

"ஊசி கோக்கக் கண்ணு தெரியலை, இங்கிட்டு ஒரு ஜன்னல் வைங்கன்னு கேட்டிருக்கு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னீகளாம். ஊருக்கெல்லாம் ஜன்னல் வைக்கிற மனுசன், நமக்கு ஒண்ணு வைக்க மாட்டேங்கிறாரேன்னு அழுதிருக்கு. சத்தமில்லாம அழுதிருக்கு, மிஷின் சத்தத்துல."

செலின் கேட்டது உண்மை. கல்யாணமான புதிதில் கேட்டாள், அப்புறம் கேட்டாள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். விட்டதை அவர் நிம்மதியாக எடுத்துக்கொண்டார். சொந்த வீடுதானே, எப்போ வேணாலும் வைக்கலாம் என்று இருந்தார். இத்தனை வருஷம் அந்த மூலையைப் பார்த்து உட்கார்ந்து தன்னை நினைத்தேதான் அழுதிருக்கிறார், அவள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் சுவர். முத்திருளாயி கையெழுத்துப் போட்ட தாளை வாங்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் தாளை மடித்து அவர் பையில் வைத்து அனுப்பினாள்.

பொற்கொடி மேடம் பிளானைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அன்றைக்குக் கூட்டத்தில் அவளும்தான் இருந்தாள். அவளுக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டுக்கும் மூலைகள் இருந்தன. விதி என்ன சொல்லுதோ அதைத்தான் நான் செய்ய முடியும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, முத்திரை குத்தினாள்.

மறுநாள் காலையில் விளக்குமாறுகள் சாத்தின இடத்தில் நின்றன. கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது, அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் தெரு முழுக்க, விட்ட இடத்திலிருந்து. சேர்ந்திருந்த அண்ணன் தம்பிகளில் சிலர் மறுபடி பிரிந்தார்கள், சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு சேர்ந்தே இருந்துவிட்டார்கள். கிழவர்களின் கட்டில்களைத் திரும்பத் தள்ளப் போனவர்களுக்குக் கை வரவில்லை, பாதிக் கட்டில்கள் நடு ஹாலிலேயே நின்றன. இருதயராஜின் முகத்துக்கு நேரே நாசமாப் போவே என்று மண்ணை வாரித் தூற்றினவர்களும் உண்டு, வாசல்படியில் கல் விழவும் செய்தது. சுப்புக்காளை கடையைத் திறக்கவில்லை. சாத்தின கதவுக்குள் மதனு, மதனு என்று வெகுநேரம் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் சிவந்த கண்ணோடு இருதயராஜின் வீட்டு வாசலுக்கு வந்தார், அடிக்கத்தான் வருகிறார் என்று தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த டீயைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இருதயராஜ் அந்தச் சமயம் கடப்பாரையோடு உள்ளே இருந்தார். மிஷின் மேலிருந்த அழுக்குத் துணியையெல்லாம் எடுத்துவிட்டு, அரைகுறை ஜாக்கெட்டை உதறி மடித்து வைத்துவிட்டு, தென்மேற்கு மூலையில் மேற்குச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். அளவு எடுக்கவில்லை, படம் போடவில்லை. கடப்பாரை பிடித்துப் பழகாத கை கொப்பளித்து உடைந்தது. முதல் செங்கல் வெளிப்பக்கம் விழுந்ததும் ஒரு கை அகலத்துக்கு வெயில் உள்ளே வந்து, ஊசி நிற்கிற இடத்தில் சரியாக விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டை வழியே எட்டிப் பார்த்து, இப்ப யாருக்கு சார் ஜன்னல் என்று கேட்டார். இருதயராஜ் அழுதுகொண்டே அடுத்த செங்கலைப் பெயர்த்தார்.

வட்டக் கூடு கதவு எண்ணோடு கண்மாய் மேட்டில் இப்போதும் நிற்கிறது. முத்திருளாயி அன்றைக்கு ஒரே தரம்தான் பெருக்கினாளாம், எல்லாம் சுற்றி வந்து வாசலுக்குப் போய்விட்டதாம்.

ஊர்க்காரர்களில் யாரோ ஆத்திரத்தில் புகார் எழுதிப் போட்டதால், அந்த மாசமே பேரூராட்சியிலிருந்து இருதயராஜுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. முன் அனுமதி பெறாமல் குடியிருப்பின் மேற்குச் சுவரில் ஜன்னல் அமைத்தது குறித்து ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று கண்டிருந்தது. ஊருக்கெல்லாம் எத்தனையோ விளக்கம் எழுதிக் கொடுத்த மனுஷன், அந்தத் தாளைத் தையல் மிஷின் மேல் விரித்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படித்தார். பிறகு விளக்கம் என்ற இடத்தில் எழுதினார்:

"ஜன்னல் தாமதமாக வைக்கப்பட்டது."